கொலம்பஸ்: எஞ்சின் செய்கிறவர்களின் ஊர்

கொலம்பஸுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கட்டடங்களைப் பார்க்கவே வருகிறார்கள். இந்தியானா மாநிலத்தில், சோளமும் சோயாவும் விளையும் சமவெளியின் நடுவே, ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் மட்டும் வாழும் இந்தச் சிறு நகரத்தில், ஈரோ சாரினென் வடிவமைத்த வங்கியையும், ஐ. எம். பேய் வடிவமைத்த நூலகத்தையும், அதன் முன்னால் நிற்கும் ஹென்றி மூரின் வெண்கல வளைவையும், ராபர்ட் வெஞ்சூரியின் தீயணைப்பு நிலையத்தையும் ஒரே நாளில் பார்த்து முடித்துவிடலாம். 1991-இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் கட்டடக்கலைப் புதுமைக்காக அமெரிக்க நகரங்களை வரிசைப்படுத்தியபோது, சிகாகோ, நியூயார்க் போன்ற பெருநகரங்களின் வரிசையில் ஆறாவதாக இந்த ஊர் நின்றது. சென்ற இலையுதிர் காலத்தில் சிகாகோவிலிருந்து வந்திருந்த நண்பர் ஒருவர், எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, காரில் ஏறும்போது சொன்னார்: "நல்ல ரசனையுள்ள ஒரு பணக்காரர் இருந்தால் போதும், சின்ன ஊர்கூட இப்படி ஆகிவிடும்." அவரை வழியனுப்பிய பிறகும் அந்த வாக்கியம் என்னை விடவில்லை. அதில் பொய் என்று எதையும் சொல்ல முடியாது. ஆனால் காலை ஷிப்டுக்காக விடியுமுன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போகிற என் தெருக்காரர்களில் ஒருவருக்கும் அந்த வாக்கியத்தில் இடமில்லை.

அவர் குறிப்பிட்ட பணக்காரர் ஜே. இர்வின் மில்லர். அவரை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 1960 முதல் 1963 வரை அமெரிக்கத் தேசியத் திருச்சபை மன்றத்தின் தலைவராக இருந்தவர். மதகுருவாக இல்லாத ஒருவர் அப்பதவிக்கு வந்தது அதுவே முதல் முறை. கறுப்பின மக்களின் உரிமைக்காக 1963-இல் வாஷிங்டனில் நடந்த பேரணிக்குத் திருச்சபைகளின் ஆதரவைத் திரட்டியதில் அவருக்குப் பங்கு உண்டு. ஆனால் அவர் முதலில் கம்மின்ஸ் என்ற டீசல் எஞ்சின் கம்பெனியின் தலைவர். அந்தக் கம்பெனியை 1919-இல் தொடங்கிய கிளெஸ்ஸி கம்மின்ஸ், இவ்வூர் வங்கியாளரான டபிள்யூ. ஜி. இர்வினின் குடும்பத்தில் கார் ஓட்டுநராகவும் மெக்கானிக்காகவும் இருந்தவர். வங்கியாளர் பணம் போட்டுக்கொண்டே இருந்தார். லாபம் என்ற ஒன்றைக் கண்ணால் பார்க்க 1937 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில், 1931-இல், கம்மின்ஸ் டீசல் எஞ்சின் பொருத்திய கார் ஒன்று இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தின் ஐந்நூறு மைலையும் ஓரிடத்திலும் நிற்காமல் ஓடி முடித்தது. வென்றது வேறொரு கார்தான். என்றாலும், நடுவில் எண்ணெய் போடக்கூட நிற்காமல் ஓடக்கூடிய எஞ்சினை இந்த ஊரின் பட்டறையில் செய்ய முடியும் என்பதை அன்று நாடு பார்த்தது. மில்லர் அந்த வங்கியாளரின் உறவினர். 1934-இல் கம்பெனிப் பொறுப்புக்கு வந்தார். கட்டடங்களுக்கான பணம் அந்த எஞ்சின்களிலிருந்து வந்தது.

பள்ளிக்கூடத்துக்கு யார் பணம் கொடுத்தார்கள்

இந்த ஊரின் கட்டடங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் வேகமாகக் கடந்துபோகும் ஒரு விவரம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிறந்த குழந்தைகள் பள்ளிக்கு வரத் தொடங்கியபோது, கொலம்பஸுக்கு அடுத்தடுத்துப் பள்ளிக்கூடங்கள் தேவைப்பட்டன. அப்போது கம்மின்ஸ் அறக்கட்டளை ஓர் ஏற்பாட்டை முன்வைத்தது: அறக்கட்டளை தரும் பட்டியலிலிருந்து ஒரு கட்டடக் கலைஞரைப் பள்ளி வாரியம் தேர்ந்தெடுத்தால், அவருடைய கட்டணத்தை அறக்கட்டளை செலுத்திவிடும். இந்த வகையில் ஹாரி வீஸ் வடிவமைத்த முதல் தொடக்கப்பள்ளி 1957-இல் திறக்கப்பட்டது. பிறகு தீயணைப்பு நிலையங்களுக்கும் பிற பொதுக் கட்டடங்களுக்கும் இதே ஏற்பாடு நீண்டது. இதில் கவனிக்க வேண்டியது, அறக்கட்டளை கொடுத்தது வடிவமைப்புக் கட்டணம் மட்டுமே. செங்கல்லும் கண்ணாடியும் கூரையும் தளமும் கட்டும் கூலியும் பொதுமக்களின் வரிப்பணத்திலிருந்து வந்தன. அதாவது, லேத்திலும் அசெம்பிளி லைனிலும் நின்றவர்களும், அவர்களுக்குச் சாமான் விற்ற கடைக்காரர்களும், சுற்றியிருந்த விவசாயிகளும் தங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்குத் தாங்களே பணம் கட்டினார்கள். ஒரு செல்வந்தர் ஊருக்குக் கொடுத்த பரிசு என்று இதைச் சொல்லும்போது, பெரும்பங்கு கொடுத்தவர்களின் பெயர் கணக்கிலிருந்தே அடிபட்டுப் போகிறது.

கொடுத்தவருக்கும் இதில் ஒரு தேவை இருந்தது. அதைச் சொல்வதால் அவருடைய பெருந்தன்மை குறைந்துவிடாது. நல்ல எஞ்சினியர்கள் வேண்டும். அவர்களோ பெருநகரங்களில் இருக்கிறார்கள். சோளக்காட்டுக்கு நடுவே இருக்கும் ஊருக்குக் குடும்பத்தோடு வரச் சொன்னால், பிள்ளைகளை எங்கே படிக்க வைப்பது என்பதுதான் அவர்கள் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும். 1962-இல் புனேயில் கிர்லோஸ்கருடன் சேர்ந்து கம்மின்ஸ் எஞ்சின் உற்பத்தி தொடங்கியதிலிருந்து இந்தியாவோடு இவ்வூருக்கு ஒரு தொடர்பு உண்டு; பின்னாளில் இங்கே குடியேறிய இந்தியக் குடும்பங்களில் எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்களும் இருக்கின்றன. உதிரிபாகம் செய்யும் ஒரு சிறிய கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தபோது, சம்பளத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே என் மனைவி பள்ளிக்கூடங்களைப் பற்றித்தான் விசாரித்தார். எங்கள் மகள் படித்த தொடக்கப்பள்ளி வகுப்பில், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவரின் மகனும், தலைமை அலுவலகத்தில் பெரிய பொறுப்பில் இருந்தவரின் மகளும், கோழிப்பண்ணைக்காரரின் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வேலைக்காரர்களுக்கு ஒரு பள்ளி, அதிகாரிகளுக்கு ஒரு பள்ளி என்று பிரிந்திருந்தால் இந்த ஊர் வேறு மாதிரி ஆகியிருக்கும். முடிவெடுக்கிறவரின் பிள்ளையும் அந்த முடிவால் பாதிக்கப்படுகிறவரின் பிள்ளையும் ஒரே மைதானத்தில் விளையாடுவதை நான் எந்தக் கட்டடத்தையும்விட மேலாக மதிக்கிறேன்.

கூரைமேல் கார் நிறுத்தும் தொழிற்சாலை

ஊருக்குத் தெற்கே வால்ஸ்பரோவில் கம்மின்ஸின் ஒரு எஞ்சின் தொழிற்சாலை இருக்கிறது. கெவின் ரோச்சின் அலுவலகம் வடிவமைத்து, 1973-இல் கட்டி முடிக்கப்பட்டது. தொழிற்சாலை என்றதும் நினைவுக்கு வரும், கார்கள் அடைத்து நிற்கும் பரந்த தார்த் தளம் அங்கே கிடையாது. கார் நிறுத்தும் இடமே கட்டடத்தின் கூரைதான். சுற்றியிருந்த மரங்களை வெட்டாமல் விடவும், உள்ளே வேலை செய்கிறவர் கண்ணாடி வழியே பசுமையைப் பார்க்கவும் செய்த ஏற்பாடு அது. கட்டடக்கலை என்ற பேச்சு வந்தால் தேவாலயத்துக்கும் நூலகத்துக்கும் அழைத்துப் போகிற நாம், ஷிப்டு முழுவதும் நின்றுகொண்டே வேலை செய்கிற மனிதரின் கண்ணுக்கு என்ன தெரிய வேண்டும் என்று யோசித்துக் கட்டிய இந்தக் கட்டடத்தைத்தான் முதலில் காட்ட வேண்டும். ஊருக்குள் 'தி ரிபப்ளிக்' நாளிதழுக்காக 1971-இல் மைரன் கோல்ட்ஸ்மித் வடிவமைத்த கட்டடத்திலும் இதே மரியாதை தெரியும்: அச்சு இயந்திரம் ஓடுவதைத் தெருவில் போகிறவர் பார்க்கும்படி கண்ணாடிச் சுவர் வைத்தார்கள். வேலை என்பது பின்வாசலில் மறைத்து வைக்க வேண்டிய ஒன்றல்ல என்ற எண்ணம் அவற்றுக்குள் இருக்கிறது.

வால்ஸ்பரோவைப் பற்றி எனக்குச் சொன்னவர் எங்கள் அடுத்த வீட்டுப் பெரியவர். 1970-களின் தொடக்கத்தில், பள்ளி முடித்த கையோடு, ஊருக்குள் இருந்த பழைய தொழிற்சாலையில் மெஷினிஸ்டாகச் சேர்ந்து, அங்கிருந்தே ஓய்வு பெற்றவர். அவருடைய காரேஜில் ஒரு பழைய கிராங்க் ஷாஃப்ட், அதாவது பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் எஞ்சின் தண்டு, செங்குத்தாக நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். அவர் பல காலம் செய்த வேலை அதன் ஜர்னல்களை, அதாவது பேரிங்குக்குள் சுழலும் உருண்டைப் பகுதிகளை, கிரைண்டிங் செய்து வழவழப்பாக்குவது. ஒரு நாள் என்னை அழைத்து, கட்டைவிரல் நகத்தை ஜர்னலின் மேல் குறுக்காக, மிக மெதுவாக ஓட்டிக் காட்டினார். நகம் எங்கும் தடுக்காமல் வழுக்கிக்கொண்டு போனது. இன்னொரு ஜர்னலில், ஓரிடத்தில், மயிரிழையளவு தடுக்கியது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த இடத்தில்தான் பேரிங் தேயத் தொடங்கும், சில ஆயிரம் மைல் கழித்து லாரிக்காரர் நடுவழியில் நிற்பார் என்றார். மைக்ரோமீட்டர் விட்டத்தின் அளவைச் சொல்லும், கீறலைச் சொல்லாது, அதற்கு நகம்தான் வேண்டும் என்பது அவர் முறை. என் வேலையும் தரக்கட்டுப்பாடுதான். நான் கணினித் திரையில் வரைபடமாகப் பார்ப்பதை அவர் நகக்கண்ணால் பார்த்தார். அவருடைய இடது காது சரியாகக் கேட்காது. கிரைண்டர் அந்தப் பக்கம் இருந்தது.

1989

சிகாகோ நண்பரின் வாக்கியத்தை இந்தப் பெரியவரிடம் சொன்னேன். ஒத்துக்கொள்வார், இல்லையென்றால் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ 1989-ஆம் ஆண்டைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அந்தப் பேச்சுக்குப் பிறகுதான், நான் இத்தனை நாள் இந்த ஊரைத் தவறான முனையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேனோ என்ற எண்ணம் எனக்கு வந்தது.

அதற்கு முந்தைய கதையைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானியக் கம்பெனிகள் மலிவான டீசல் எஞ்சின்களோடு அமெரிக்கச் சந்தைக்குள் வரத் தயாராக இருந்தன. அவை வேரூன்றும் வரை காத்திருக்காமல், ஹென்றி ஷாக்ட் தலைமையில் கம்மின்ஸ் தன் புதிய எஞ்சின்களின் விலையை அதிரடியாக, சிலவற்றில் 30 சதவீதம்வரை, குறைத்தது. விற்கும் விலை முதலில் இறங்கியது; செய்யும் செலவு பின்னால் இறங்க வேண்டியிருந்தது. செலவு இறங்குவது என்றால் ஆட்குறைப்பு என்று கொலம்பஸில் எல்லோருக்கும் தெரியும். பெரியவரும் லே-ஆஃபில், அதாவது தற்காலிகப் பணிநீக்கத்தில், வீட்டுக்கு அனுப்பப்பட்டார். பணிமூப்பு வரிசைப்படி திரும்பக் கூப்பிடும் வரை தம் மைத்துனருடைய வயலில் அறுவடை இயந்திரம் ஓட்டினார். கம்பெனி சந்தையைக் காப்பாற்றிக்கொண்டது, ஆனால் லாபம் மெலிந்தது. பங்கு விலையும் படுத்தது. விலை படுத்த கம்பெனியைத் தேடிக்கொண்டிருந்தவர்களின் கண்ணில் அது பட்டது. கம்பெனிகளை வாங்கி, செலவைச் சுருக்கி, வேண்டாத பகுதிகளை விற்றுவிடுவதில் பெயர்பெற்ற பிரிட்டனின் ஹான்சன் குழுமம், கம்மின்ஸ் பங்குகளில் கணிசமான பகுதியை வாங்கியது.

அந்த மாதங்களில், தம் வாழ்நாளில் ஒரு பங்குகூட வாங்கியிராத பெரியவர், தினமும் சாப்பாட்டு இடைவேளையில் நாளிதழின் பங்கு விலைப் பக்கத்தைப் பார்த்தாராம். ஒரே இதழ் மேசை மேசையாகக் கைமாறும்; கடைசி மேசைக்குப் போய்ச் சேரும்போது கம்மின்ஸ் என்ற வரி இருந்த இடத்தில் விரல்கறை படிந்து எண்ணே தெரியாதாம். நீண்ட கால ஆராய்ச்சிக்குப் பணம் போடுவதை நிறுத்தினால் மறுவருடமே லாபம் கூடும், பங்கு விலை ஏறும், பத்தாண்டு கழித்து ஊரில் ஒன்றும் இருக்காது என்பது அந்தச் சாப்பாட்டு மேசையில் இருந்த எல்லோருக்கும் புரிந்திருந்தது. 1989 ஜூலையில் மில்லர் குடும்பம் ஹான்சனிடமிருந்த பங்குகளை 7.2 கோடி டாலர் கொடுத்து வாங்கிக்கொண்டது. ஆபத்து அதோடு தீர்ந்துவிடவில்லை. ஹாங்காங்கைத் தளமாகக் கொண்ட இன்னொரு முதலீட்டுக் குழு பங்குகளைச் சேர்த்தது. 1990-இல் ஃபோர்டு, டெனெக்கோ, குபோட்டா ஆகிய மூன்று கம்பெனிகள் சேர்ந்து 25 கோடி டாலர் முதலீடு செய்த பிறகே மூச்சுவிட முடிந்தது.

பெரியவர் இதைச் சொன்ன விதத்தில் நன்றி இருந்தது. எனக்கோ அச்சமே வந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வாழ்வு, ஒரு குடும்பத்துக்கு மனமும் பணமும் ஒருசேர இருந்ததால் தப்பியது. அந்தக் குடும்பத்தின் பெரியவர் சில ஆண்டுகள் முன்பே காலமாகியிருந்தால்? பிள்ளைகள் கலிபோர்னியாவுக்குக் குடிபோயிருந்தால்? இது வெறும் கற்பனைக் கேள்வியன்று. அயோவா மாநிலத்தின் நியூட்டன் கொலம்பஸைப் போலவே ஒற்றைக் கம்பெனி ஊர். 1893-இல் அங்கே தொடங்கிய கம்பெனியிலிருந்து வளர்ந்த மேடேக், 1907 முதல் துணி துவைக்கும் இயந்திரங்கள் செய்தது. ஊரில் மேடேக் பெயரில் பூங்கா உண்டு. நீச்சல் குளம் உண்டு. 1938-இல் கூலி வெட்டுக்கு எதிராக வேலைநிறுத்தம் நடந்தபோது தேசியக் காவல் படையை இறக்கிய வரலாறும் உண்டு. 2006-இல் வேர்ல்பூல் கம்பெனி மேடேக்கை வாங்கியது. 2007-இல் நியூட்டன் தொழிற்சாலை மூடப்பட்டது. அங்கே வேலை செய்தவர்களின் திறமை ஓர் ஆண்டுக்குள் குறைந்துவிடவில்லை. தீர்மானிக்கும் அறை வேறு ஊருக்குப் போய்விட்டது. பின்னர் அந்தத் தொழிற்சாலைக் கட்டடத்திலேயே காற்றாலைக் கோபுரங்கள் செய்யும் வேலை தொடங்கியது. 2009-இல் ஜனாதிபதி ஒபாமா வந்து பார்த்தார். நியூட்டன் அழிந்துவிடவில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சியே. என்றாலும் ஐம்பது வயதில் புதிதாக வேலை கற்றுக்கொள்ள நேர்ந்தவர்கள் இழந்ததை எந்தக் கோபுரமும் திருப்பித் தராது.

காகிதத்தில் இருப்பது

ஆகவே, ரசனையுள்ள பணக்காரர் என்ற விளக்கத்தைவிட 1993-இல் கையெழுத்தான ஒரு காகிதம் எனக்கு முக்கியமாகிவிட்டது. கொலம்பஸின் டீசல் தொழிலாளர் சங்கம் எந்தத் தேசியச் சங்கத்தோடும் இணையாத உள்ளூர்ச் சங்கம். அது கம்மின்ஸோடு அந்த ஆண்டில் பதினோரு ஆண்டு நீளும் ஒப்பந்தம் ஒன்றைச் செய்துகொண்டது. மூன்று ஆண்டு ஒப்பந்தமே வழக்கமாக இருந்த காலத்தில் அது புதுமை. வேலைப் பாதுகாப்பு வேண்டும் என்று ஒரு தரப்பும், இடையில் வேலைநிறுத்தம் வராது என்ற உறுதி வேண்டும் என்று மறுதரப்பும் கேட்டதால் உருவானது. ஒருவருடைய நல்ல மனத்தை நம்பியிருப்பதற்கும், எழுதிக் கையெழுத்திட்ட உறுதியை வைத்திருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நான் உணர்வதற்கு என் நிலைமையும் ஒரு காரணம். லே-ஆஃப் வந்தால் பெரியவருக்குப் பணிமூப்பு இருந்தது. திரும்பக் கூப்பிடுவார்கள் என்ற உரிமை இருந்தது. கூப்பிடும் வரை மைத்துனரின் வயல் இருந்தது. வெளிநாட்டவருக்கான வேலை விசாவான எச்1பி-யில் இருக்கிற ஒருவருக்கு வேலை போனால், வேறு கம்பெனியைத் தேடிக்கொள்ள 60 நாள் அவகாசம். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். ஒரே ஊரில், ஒரே தெருவில், ஒரே தொழிலைச் சுற்றி வாழும் இரண்டு வீடுகளில் அந்த ஒரே சொல்லுக்கு இவ்வளவு வேறுபட்ட எடை.

கம்பெனிக்குக் குற்றமே கிடையாது என்றும் நான் எழுதமாட்டேன். ராம் பிக்கப் வண்டிகளில் பொருத்திய எஞ்சின்களில், புகைக் கட்டுப்பாட்டை ஏமாற்றும் மென்பொருள் இருந்ததாக அரசு குற்றம் சாட்டிய வழக்கில், 167.5 கோடி டாலர் அபராதம் கட்ட கம்மின்ஸ் 2023 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. தூய காற்றுச் சட்டத்தின் கீழ் அதுவரை விதிக்கப்பட்ட சிவில் அபராதங்களில் அதுவே பெரியது. தான் தவறு செய்ததாகக் கம்பெனி ஏற்கவில்லை. ராம் வண்டிகளுக்கான எஞ்சின்கள் தயாராவது வால்ஸ்பரோவில், அதே கூரைமேல் கார் நிறுத்தும் தொழிற்சாலையில். போல்ட்டை அளந்து இறுக்கியவருக்கும் பிளாக்கைத் தூக்கி வைத்தவருக்கும் மென்பொருளில் என்ன எழுதியிருந்தது என்று தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் அந்த வாரம் கடைத்தெருவில் பார்த்த முகங்களில் ஒரு கூச்சம் இருந்தது. தங்கள் கைவேலையின்மேல் கறை பட்டதாக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்; யாரும் அப்படி எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை.

இதையெல்லாம் சேர்த்து, ஊரைக் கட்டியது ஒரு மனிதரின் ரசனையன்று, தொழிலாளரின் வேலையும் வரியும் ஒப்பந்தமும்தான் என்று பெரியவரிடம் வாதிட்டேன். அவர் இசையவில்லை. 1993 ஒப்பந்தத்தை எதிர்த்து வாக்களித்தவர்களில் தாமும் ஒருவர் என்றார். பதினோரு ஆண்டுக்குக் கையைக் கட்டிக்கொள்வது கூடாது என்ற கருத்து அவருக்கு இன்றும் உண்டு. ஒப்பந்தம் போடுவதற்கே எதிரில் ஊர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும், 1989-இல் அந்த நாற்காலி காலியாகியிருந்தால் சங்கம் யாரிடம் கையெழுத்து வாங்கியிருக்கும், 7.2 கோடி டாலர் சங்கத்திடம் இருந்ததா என்று கேட்டார். அந்த டாலர்கள் உங்களைப் போன்றவர்கள் கிரைண்டிங் செய்த கிராங்க் ஷாஃப்ட்டிலிருந்து வந்தவைதானே என்றேன். வந்தவைதான், ஆனால் அப்படி வந்த பணத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டவர்களையும் நான் பார்த்திருக்கிறேன் என்றார். கொலம்பஸிலேயே வளர்ந்த ஜெனிஃபர் ரம்சி 2022-இல் கம்பெனியின் தலைமைப் பொறுப்புக்கு வந்ததை அவர் தம் கட்சிக்குச் சான்றாக வைக்கிறார். அடுத்த தலைவர் எங்கே வளர்ந்தவராக இருப்பார் என்பதை ஒப்பந்தத்தில் எழுத முடியாது என்று நான் சொல்கிறேன். இந்த வாதத்தில் அவர் பக்கம் நான் இன்னும் சாயவில்லை, அவரும் என் பக்கம் வரவில்லை.